அக்ரோட்டுப் பட்டாளத்தார்

கம்பம் பள்ளத்தாக்கில் அக்ரோட்டுக்கு அடங்காத வியாதி மரணம் ஒன்றுதான் என்று நம்பிய ஒரே மனிதர் எங்கள் பட்டாளத்தார். மரணத்தைப் பற்றியும் அவருக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்தது.

அப்போது கம்பம் கடைவீதியில் நான் நாட்டுமருந்துக் கடை வைத்திருந்தேன். முதல் யுத்தத்துக்கு முன்னாலேயே பட்டாளத்தில் சேர்ந்து, வடமேற்கு மலைகளில் பல வருஷம் காவல் காத்துவிட்டு, மீசையும் பென்ஷனுமாக ஊர் வந்து சேர்ந்தவர் அவர். டிரங்குப் பெட்டி நிறைய அக்ரோட்டு, இப்போது வால்நட் என்கிறார்களே, அதுதான். இந்தப் பக்கம் யார் கண்டது அதை? ஓட்டை உடைத்தால், மூளையைச் சுருக்கி உள்ளே வைத்த மாதிரி ஒரு பருப்பு. அந்த மலை ஜனங்கள் அந்த மரத்தில் எதையும் வீணாக்க மாட்டார்களாம். பட்டையால் பல் துலக்குவார்கள், இலையைத் துணிப்பெட்டியில் போட்டுப் பூச்சியை விரட்டுவார்கள், காயின் மேல்தோலை அரைத்து நரைக்குப் பூசுவார்கள்.

சொல்லிவிட்டுச் சும்மா போனாரா? என் கடைப் பலகையில் உட்கார்ந்து என் பிழைப்பைக் கெடுத்தார். மூட்டுவலிக்காரர் ஒருத்தர் சுக்குக் கேட்பார்.

"சுக்காவது மண்ணாவது. அக்ரோட்டு எண்ணெய் தேய்யா" என்பார் இவர்.

"அது எங்கன கெடைக்கும்?"

"பெஷாவர்ல."

வந்தவர் சுக்கும் வாங்காமல் போய்விடுவார்.

தேவதானப்பட்டியிலிருந்து சம்பந்தம் பேச வந்த பெரியவர் ஒருத்தருக்குப் பல் கூசியது. பட்டாளத்தார் விடுவாரா? பெட்டியிலிருந்து அக்ரோட்டுப் பட்டையை எடுத்து மென்று துலக்கச் சொன்னார். பல் பளிச்சென்று ஆனது வாஸ்தவம்தான். ஆனால் உதடு ரெண்டும் நாடகத்து ஸ்திரீபார்ட் மாதிரி சிவந்துபோயின. கழுவக் கழுவப் போகவில்லை. அந்த மனுஷன் பெண் வீட்டில் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டே பேசி முடித்தார். ரொம்ப அடக்கமானவர் என்று பெண் வீட்டாருக்குப் பரம திருப்தி.

இத்தனை கூத்துக்கும் நடுவில் அவர் வீட்டில் ஒரு துக்கம் இருந்தது. அது ஊருக்கே தெரியும். மனைவி பேச்சியம்மாளுக்கு ஞாபகம் தவறிக்கொண்டே வந்தது. அடுப்பில் வைத்ததை மறந்தார், தெருவை மறந்தார், கடைசியில் புருசனைப் பார்த்தே "நீங்க யாரு?" என்று கேட்க ஆரம்பித்தார். மூளை மாதிரி இருக்கும் பருப்பு மூளைக்கு நல்லது என்பது பட்டாளத்தாரின் கட்சி. பெட்டியில் இருந்தது தீர்ந்த பிறகு நான்தான் மதுரையிலிருந்து வரவழைத்துக் கொடுத்தேன். காலையில் அவரே உடைத்து, ஊறவைத்துத் தோல் உரித்து, மனைவி கையில் கொடுப்பார். குணம் தெரிகிறதா என்று பார்க்க ஒரு பரீட்சையும் வைத்திருந்தார்.

"பேச்சி, உன் புருசன் பேரு என்ன?"

அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொள்வார். ஒரு வார்த்தை வராது.

"மறந்துட்டா தம்பி" என்று என் கடையில் வந்து சாய்வார். எனக்கு எரிச்சலாக வரும்.

"பட்டாளத்தாரே, நம்மூர்ல எந்தப் பொம்பள புருசன் பேரச் சொல்லுவா? புத்தி தெளிவா இருக்குற எஞ் சம்சாரமே சொல்ல மாட்டா. வேற எதையாச்சும் கேளுங்க."

அவர் கேட்டார்: "வேற என்னத்தக் கேக்க? அவளுக்கு அது ஒண்ணு தெரிஞ்சாப் போதுமேப்பா."

நான் மதுரைக்கு அடுத்த சரக்குக்கு எழுதிப் போட்டேன்.

ஒருநாள் புதுச் சரக்கு வந்ததும் நானே கொண்டுபோனேன். வீட்டுக்குள் பட்டாளத்தார் ஒரு பானையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அடுக்குப்பானையின் அடியில் இருந்ததாம். உள்ளே முழுக்க அக்ரோட்டுப் பருப்பு. பாதி சிக்கு வாடை அடித்தது. கொடுத்ததில் ஒன்றைக்கூட அந்த அம்மாள் தின்றிருக்கவில்லை.

"ஏன் பேச்சி திங்கல?"

அந்த அம்மாள் வேற்றாளிடம் பேசுகிற மரியாதையோடு சொன்னார்: "எங்க வீட்டு அவுக பட்டாளத்துக்குப் போயிருக்காக. அவுக சாப்பிடாம நான் எப்படித் திங்கிறது?"

பட்டாளத்தார் பானையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுகிறார் என்று தெரிந்தது. எனக்கும் தாங்கவில்லை, வாசல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கொஞ்சம் கழித்து அவர் எழுந்து முகத்தைத் துடைத்தார். நான் கொண்டுபோனதில் ஒன்றை உடைத்து, பருப்பை எடுத்து நீட்டினார்.

"தாயி, நான் பட்டாளத்துல இருந்துதான் வாறேன். உங்க வீட்டுக்காரக சேதி சொல்லி அனுப்புனாக. அவுக சாப்பிட்டாச்சாம். உங்களயும் சாப்பிடச் சொன்னாக."

அந்த அம்மாள் முகம் மலர்ந்தது. வாங்கி வாயில் போட்டு மென்றார்.

"அவுக நல்லாருக்காகளா?"

"நல்லாருக்காக. உங்க நெனப்பாத்தான் இருக்காக."

அதற்கப்புறம் அந்த அம்மாள் இருந்தவரைக்கும், தினமும் காலையில் பட்டாளத்தார் தன் வீட்டுக்கே சேதி கொண்டுபோனார். அவருக்கு அக்ரோட்டு இல்லையென்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.