யோகேந்திரன் திருத்திய ராணி

நல்லையா ராணியைப் பின்னுக்கு இழுத்திருந்தார். இரத்தோட்டைக்கு மேலே ஒரு சின்னத் தபால் கந்தோரில், கையில் முத்திரைக் கட்டையோடு யோகேந்திரன் அவருடைய தபாலட்டையை மறுபடி வாசித்தான்.

"மொதலாம் வரிசைக்கா? மனுசனுக்குப் பைத்தியமா?"

ஓய்வுபெற்ற தோட்டத்துக் கிளார்க் நல்லையாவும் பல்லேகம மிளகு வியாபாரி ஸஹாப்தீனும் தபாலட்டையில் செஸ் ஆடுகிறவர்கள். அட்டைகளைப் பிரிக்கும் யோகேந்திரன் அந்த ஆட்டத்தின் ஓப்பனிங்கைக் கைபேசியில் தேடிக் கரைத்துக் குடித்திருந்தான். ராணி நாலாம் வரிசைக்குத்தான் போக வேண்டும். 1ஐ 4 ஆக்க இரண்டு கோடு போதும். போட்டுவிட்டான்.

பதில் வந்தபோதுதான் விபரீதம் புரிந்தது. ஸஹாப்தீன் நாலாம் வரிசை ராணிக்குக் குறி வைத்திருந்தார். நல்லையாவின் பலகையில் அங்கே ராணியே இல்லை. யோகேந்திரன் புது அட்டை எடுத்து, ஸஹாப்தீனின் கையெழுத்தில் வேறு பதில் எழுதினான். அதற்கு நல்லையா எழுதிய பதில் ஸஹாப்தீனுக்கு உதவாது. அதற்கும் ஒரு புது அட்டை.

இப்படியே ஆட்டம் இரண்டாகிவிட்டது. நல்லையாவோடு ஸஹாப்தீனாகவும், ஸஹாப்தீனோடு நல்லையாவாகவும் அவனே ஆடினான். பார்சல் அறையில் இரண்டு பலகைகள். இரண்டிலும் தோற்றுக்கொண்டிருந்தான் என்பதுதான் கேவலம்.

"கண்ணு ஏன் இப்பிடிச் செவந்திருக்கு?" என்று கேட்டார் தபாலதிபர் மங்களேஸ்வரி.

"தூசி, மிஸ்."

அந்த நேரம் பார்த்து நல்லையா வந்தார். "தம்பி, வெள்ளிக்கிழம ஸஹாப்தீன் நானா நம்ம வீட்டுக்கு வர்றாரு. ஆட்டத்த மொதல்லேருந்து வச்சுப் பாக்கப் போறோம்."

அடுத்தவர் தபாலில் கை வைத்தது தெரிந்தால் வேலை போய்விடும். யோகேந்திரன் அன்றே இடமாற்றம் கேட்டு மனுக் கொடுத்தான்.

"எங்க வேணும்?" என்றார் மங்களேஸ்வரி.

"தூரமா, மிஸ். ரொம்பத் தூரமா."

மாலைக்குள் அவன் மாற்றல் கேட்ட செய்தி கடைவீதி முழுக்கப் பரவிவிட்டது.

வெள்ளிக்கிழமை கிழவர்கள் இருவரும் நேராகக் கந்தோருக்கே வந்தார்கள். யோகேந்திரன் கீழே விழுந்த முத்திரையைத் தேடி மேசைக்கடியில் புகுந்தான். முத்திரை எதுவும் விழவில்லை.

"ஏதாவது கம்ப்ளெயினா?" என்று கேட்டார் மங்களேஸ்வரி.

"கம்ப்ளெயின் ஒண்ணும் இல்ல, மிஸ். தம்பிக்கு ட்ரான்ஸ்பர் மட்டும் குடுத்துராதீங்க," என்றார் ஸஹாப்தீன். "அந்த நாலுல ரெண்டு கலர் மை இருந்திச்சு. அட்ட கைக்கு வந்த அன்னைக்கே நான் நல்லையாவுக்குப் போன் பண்ணிட்டேன், அன்னையிலேருந்து நாங்க ரெண்டு பேரும் ஒரே கட்சி, இவருதான் எங்க எதிராளி."