ஐந்தாம் வார்த்தையும் காலிக் கேனும்

பெரிய வெள்ளியின் பொருளைப் பற்றி எழுதச் சபை நடத்தும் ஐயர்மார் இருக்கிறார்கள், படித்தவர்கள் இருக்கிறார்கள். பத்தாவதோடு நின்றுவிட்டு, கேளம்பாக்கம் அடுக்குமாடிகளுக்குக் கேன் தண்ணீர் போடும் நான் எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான், மன்னிக்க வேண்டும். ஆனால் என் வாழ்நாள் பிரசங்கம் மொத்தமே ஒரு வார்த்தை. அதில் அதிகம் என்று எதுவும் கிடையாது.

எங்கள் சபையில் பெரிய வெள்ளியன்று பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரை ஆராதனை. இயேசு சிலுவையில் பேசிய ஏழு வார்த்தைகளை ஏழு பேர் எடுத்துப் பேசுவார்கள். யாருக்கு எது என்பது கமிட்டியின் முடிவு. பரதீசு என்னும் மோட்சத்தில் இடம் தருவதாக வாக்குக் கொடுக்கும் இரண்டாம் வார்த்தை, ஈசிஆரில் மனை விற்கும் அண்ணனுக்கு (அவரும் வாக்குக் கொடுப்பதில் கெட்டிக்காரர், பட்டாதான் வராது). கைவிடப்பட்டதைச் சொல்லும் நான்காம் வார்த்தை, கமிட்டித் தேர்தலில் தோற்றவருக்கு. 'முடிந்தது' என்னும் ஆறாம் வார்த்தை ஓய்வுபெற்ற வாத்தியாருக்கு. அவர் பேச ஆரம்பித்தால் எதுவும் முடியாது.

சில வருஷங்களுக்கு முன் ஐந்தாம் வார்த்தைக்கு ஆள் கிடைக்கவில்லை. 'தாகமாயிருக்கிறேன்' என்பது அந்த வார்த்தை. தண்ணீர்க் கேன் போடுகிறவருக்குத் தோதாக இருக்கும் என்று யாரோ சொல்ல, என் பெயரை எழுதிவிட்டார்கள்.

நான் கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் உட்காருகிறவன். சத்தமாக ஆமென் சொல்லக்கூடக் கூச்சம். மறுத்துவிடலாம் என்று வீட்டுக்கு வந்தால், என் மனைவி எஸ்தர் அதற்குள் திருவிடந்தையில் இருக்கும் அவள் அக்காவுக்குப் போன் போட்டுச் சொல்லியாகிவிட்டது. அக்கா வீட்டுக்காரர் அவர்கள் சபையில் வருஷா வருஷம் பேசுகிறவர். அந்தப் பெருமையைக் கேட்டுக் கேட்டு எஸ்தருக்குக் காது புளித்திருந்தது.

"இந்த வாட்டி நீ பேசற. இல்லன்னா அக்கா மூஞ்சில நான் முழிக்க முடியாது," என்றாள்.

ஒரு வாரம் வேறு நினைப்பே இல்லை. கேன் ஏற்றும்போதும் பேச்சு, லிஃப்டில் தனியாகப் போகும்போதும் பேச்சு. பதினொரு பக்கம் எழுதினேன். வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உபவாசம் வேறு. தாகத்தைப் பற்றிப் பேசுகிறவனுக்குத் தாகம் இருக்க வேண்டாமா?

இருந்தது. மேடையேறியபோது நாக்கு தபால்தலை மாதிரி மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. முன்வரிசையில் எஸ்தர்; பக்கத்தில், என் பேச்சைக் கேட்கவே பஸ் ஏறி வந்திருந்த அக்கா. காகிதத்தைப் பார்த்தேன், வேர்வையில் மை கலைந்திருந்தது. "தாகமாயிருக்கிறேன்" என்றேன். அடுத்த வரி வரவில்லை. மறுபடி சொன்னேன். மூன்றாவது தடவை மைக்கில் வெறும் காற்றுதான் வந்தது.

ஐயர் கண்ணை மூடி ஆமென் என்றார். சபையும் ஆமென் என்றது. பெண்கள் பக்கம் இரண்டு பேர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். வாத்தியார், என்ன உருக்கம் என்று பக்கத்தில் சொன்னாராம். எஸ்தர் பெருமையாக அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கோ கண் இருட்டிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் மோசஸ் எழுந்தான். எஸ்தரின் தம்பி, ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், வருஷத்தில் அந்த ஒரு நாள் மட்டும் கோயிலுக்கு வருகிறவன்.

"இன்னா ஐயரே, மனுசன் மூணு தபா தண்ணி கேட்டுட்டாரு. அல்லாரும் ஆமென் சொல்லிகினு கீறீங்க?"

சொல்லிவிட்டுப் பின்பக்கச் சமையலறைக்கு ஓடினான். சபையே திரும்பிப் பார்த்தது. உள்ளே கேனைத் தட்டும் சத்தம். பிறகு அவன் குரல்.

"மாமா, கேன் காலியா கீது. இந்த வாரம் கோயிலுக்கு நீ கேனே போடலியா?"

போடவில்லை. அத்தனை அடுக்குமாடிக்கும் போட்டேன். தாகத்தைப் பற்றி எழுதுகிற மும்முரத்தில் எங்கள் கோயிலை மட்டும் மறந்துபோனேன்.

ஆராதனை முடிந்து கொடுப்பதற்காகக் காலையிலேயே கரைத்து வைத்திருந்த நீர்மோரில் ஒரு சொம்பு எடுத்துக்கொண்டு வந்தான் மோசஸ். ஒரே மடக்காகக் குடித்தேன். அந்த வெயிலுக்கு அது மோர் என்ற நிலையைத் தாண்டியிருந்தது.

"யப்பா, காடி," என்றேன். அதுவரை சதி செய்த மைக், இதை மட்டும் தெளிவாக வாசல்வரை கொண்டுபோனது.

சிலுவையில் தாகம் என்றவருக்குப் புளித்த காடியைத்தான் கொடுத்தார்கள் என்பது ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். முதலில் ஐயரின் தோள் குலுங்கியது. பெரிய வெள்ளியில் எங்கள் சபை சிரித்தது அன்றைக்குத்தான்.

எஸ்தர் சிரிக்கவில்லை. வாசலில் அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க வூட்டுக்காரு பேசனா பாதிப் பேரு தூங்கிடுவாங்க. இன்னிக்கு ஒருத்தரும் தூங்கலடி."

அதன் பிறகுதான் எஸ்தர் என் முகத்தைப் பார்த்தாள்.

பதினொரு பக்கமும் பீரோவில் இருக்கிறது. எடுத்துப் படித்தால் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அத்தனை பேரில் மோசஸ் காதில் மட்டும்தான் அந்த வார்த்தை வசனமாக இல்லாமல் தாகமாகவே விழுந்தது என்பது அதில் எங்கேயும் இல்லை.

இன்றும் எங்கள் வீட்டில் யாரும் தண்ணீர் என்று கேட்பதில்லை. "அஞ்சாம் வார்த்தை ஒரு சொம்பு" என்றுதான் கேட்கிறார்கள்.

அந்தப் பெரிய வெள்ளிக்கு மறுநாள் சனிக்கிழமை. காலையில் கோயிலுக்கு ஆறு கேன் போட்டேன்.