முந்நூறு கவுண்ட் மாப்பிள்ளை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். டப்பாவின் மேல் என்ன படம் போட்டிருந்தாலும் அப்படியே நம்பிவிடுகிற ரகம் நான். தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் பாட்டிலில் இருந்த ஆளின் சுருட்டை முடியை நம்பி ஒரு வருடம் தேய்த்தேன். (இன்று என் தலையைப் பார்க்கிறவர்கள் அந்த எண்ணெயின் பெயரைக் கேட்கிறார்கள், தப்பித்தவறிக்கூட வாங்கிவிடக் கூடாதே என்று.) போனது முடிதானே என்று அதைக்கூட விட்டுவிட்டேன். மாமனார் வீட்டில் ஒரு இறால் பெட்டியால் போன மானத்தைத்தான் இன்றுவரை விட முடியவில்லை.

எனக்கு ஊர் திருப்பாலைவனம். நெல் போடுகிற குடும்பம். இறால் என்றால் குழம்பில் கிடக்கும், எடுத்துத் தின்ன வேண்டும் என்பதுதான் என் மொத்த ஞானம். என் மனைவி சுமதி கோட்டைக்குப்பத்துப் பெண். அவளுடைய அப்பா (அவளுக்கு நைனா) ஏரியிலும் கடலிலும் நாற்பது வருடம் வலை போட்டவர். அவரைக் கேட்காமல் நாங்கள் கல்யாணம் செய்துகொண்டோம். அவரும் பதினோரு மாதம் என்னோடு பேசவில்லை. மகளுக்குப் போன் போட்டு நான் எடுத்துவிட்டால், "ராங் நம்பர்" என்று வைத்துவிடுவார். அதைப் பேச்சுக் கணக்கில் சேர்க்க முடியாது.

சுமதிக்கு அப்போது ஆறாம் மாதம். வளைகாப்பு பிறந்த வீட்டில், நைனா முன்னால் நிற்க நடக்க வேண்டும் என்று அவளுக்கு ஒரே ஆசை. அதற்கு அவர் என்னோடு ஒரு வார்த்தையாவது பேச வேண்டுமே! அத்தைதான், அதாவது என் மாமியார், மனசு வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். சுமதி இரண்டு நாள் முன்னாடியே போய்விட்டாள். (கூடவே இருந்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.)

சனிக்கிழமை போன் செய்தாள். "இந்த வாரம் ஏரில வல போட எங்காளுங்க பாடு இல்ல. வேற ஊர்க்காரங்க மொறை. நைனா சும்மாதான் ஒக்காந்துகிறாரு, அதுவே கடுப்பு."

என் மூளை உடனே வேலை செய்தது. (அது வேலை செய்கிற நாளெல்லாம் ஆபத்தான நாள்.) "அத்தைய ஒண்ணும் சமைக்க வேணாம்னு சொல்லு. எறா நான் கொண்டாரேன். சமையலும் நான்தான்!"

"இன்னாது? எங்க ஊருக்கு நீ எறா கொண்டாறியா?"

"நைனா வாயத் தொறந்து பேசப் போறாரு, பாரு."

பொன்னேரியில் புதிதாக ஒரு பெரிய கடை. அதில் ஆள் படுக்கிற நீளத்துக்கு ஃப்ரீசர். எட்டிப் பார்த்தேன். ஆகா, என்ன படங்கள்! பொன் நிறத்தில் 'மீன் விரல்கள்'. பூ மாதிரி அடுக்கடுக்காக விரிந்த பரோட்டா. நடுவில் நம்ம ஆள், இறால். பெட்டியின் மேல் என் முஷ்டி அளவுக்கு ஒவ்வொன்றும், எலுமிச்சைத் துண்டில் தலை சாய்த்துப் படுத்திருந்தது.

இறாலில் இரண்டு பெட்டி. இரண்டிலும் ஒரே படம். ஒன்றில் 'கவுண்ட் 20/30' என்று போட்டிருந்தது. இன்னொன்றில் 'கவுண்ட் 200/300'. நான் யோசித்தேன். பரீட்சையில் முப்பது வாங்கினவன் உசத்தியா, முந்நூறு வாங்கினவன் உசத்தியா? இதைக்கூட யோசிக்க வேண்டுமா என்று முந்நூறில் நான்கு பெட்டி எடுத்தேன், கூடவே பரோட்டாவும் மீன் விரலும்.

பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். எங்கள் ஊர் தாண்டுவதற்குள் பேன்ட் நனைந்துவிட்டது. பக்கத்தில் இருந்த அம்மா என்னையும் பேன்ட்டையும் ஒருமுறை பார்த்துவிட்டு, எழுந்துபோய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கோட்டைக்குப்பத்தில் மாமனார் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "வணக்கம் மாமா" என்றேன். அவர் என் தலைக்கு மேலே இருந்த காக்காவைப் பார்த்தார்.

சமையலறையில் யாரையும் உள்ளே விடவில்லை. பரோட்டாவைப் பிரித்தேன். ஒன்றோடொன்று ஒட்டிப்போய், இழுத்தால் மாநில எல்லையில் எளாவூர் செக்போஸ்ட்டில் பிரித்த மாதிரி பாதி அந்தப் பக்கமும் பாதி இந்தப் பக்கமும் வந்தது. மீன் விரல் எண்ணெயில் விழுந்ததும் வெடித்து மாவு தனியாக, மீன் தனியாகப் போயிற்று. அத்தை வாசற்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "மீனுக்கு ஏது தம்பி வெரலு?" என்று கேட்டார். கடைசியாக இறால். பெட்டிக்குள் ஒரு பெரிய ஐஸ் கட்டி. ஐஸ் கரையக் கரைய, கரைந்துகொண்டே இருந்தது. நான்கு பெட்டிக்கும் சேர்த்து ஒரு சொம்புத் தண்ணீரும், அடியில் ஒரு கைப்பிடி இறாலும் மிஞ்சின.

"கூனியா வாங்கியாந்தே?" என்றார் அத்தை. கூனி என்றால் அங்கே பொடி இறால், காயவைத்து இடித்துக்கொள்வது.

"இல்ல அத்தை, வெந்தா பெருசாவும்" என்றேன். வெந்தது. மிளகு அளவு ஆயிற்று.

எல்லோரும் உட்கார்ந்தோம். மாமனார் தட்டைப் பார்த்தார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். நான் வீசிய காலிப் பெட்டியை எடுத்துவந்து தட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். படத்தைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். திரும்பவும் படம், திரும்பவும் தட்டு.

"சுமதி, எத்தினி கவுண்ட்டுனு கேளு."

"எதிர்லதானே ஒக்காந்துகிறாரு? நீயே கேளேன் நைனா."

அவர் தொண்டையைச் செருமினார். பதினோரு மாதத்தில் முதல்முறையாக என் மூஞ்சியைப் பார்த்தார். "எத்தினி கவுண்ட் வாங்கினே?"

பேசிவிட்டார்! எனக்குத் தலைகால் புரியவில்லை. "இருக்கறதுலயே பெரிய கவுண்ட் மாமா! இருபது முப்பதுன்னு மட்டமா ஒண்ணு வச்சிருந்தான். நம்ம வீட்டுக்கு அதெல்லாம் ஆவாதுன்னு முந்நூறு வாங்கினேன்!"

மாமனாருக்குப் புரையேறிற்று. சுமதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் அத்தை பயந்து, "அடியே, மெதுவா!" என்று அலறினார்.

"டேய்" என்றார் மாமனார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "கவுண்ட்டுன்னா மார்க்காடா? கிலோவுக்கு எத்தினி நிக்குதுன்றதுடா! முப்பதுன்னா கிலோவுக்கு முப்பது எறா, ஒவ்வொண்ணும் இம்மாம் பெருசு. முந்நூறுன்னா..." ஒன்றை எடுத்துக் காட்டப் போனார். அது விரலிடுக்கில் நழுவி எங்கேயோ போய்விட்டது. தேடினோம், கிடைக்கவில்லை.

சுமதி பெட்டியின் மூலையில் இருந்த பொடி எழுத்தைப் படித்தாள். "படம் பரிமாறும் யோசனைக்கு மட்டும்."

"யோசன மட்டும் நல்லா பெருசாத்தான் கீது" என்றார் மாமனார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவமானம் பாதி, 'டேய்' என்று கூப்பிட்டுவிட்டாரே என்கிற சந்தோஷம் பாதி. அவர் எழுந்து துண்டை உதறிப்போட்டுக்கொண்டு கரைப் பக்கம் போய், அந்த வாரத்து முறைக்காரர்களிடம் வாங்கிய பை நிறைய இறாலோடு வந்தார். "இதான்டா முப்பது. கையில வாங்கிப் பாரு." பிறகு அத்தையிடம் சொன்னார்: "அடுத்த மாசம் வளகாப்பு இங்கதான். எறா மட்டும் இவன வாங்க உடாதீங்க."

அன்றிலிருந்து அந்தத் தெருவில் எனக்குப் பெயர் 'முந்நூறு'. மகள் பிறந்தபோது மூன்றேகால் கிலோ. மாமனார் கையில் ஏந்தி, "கிலோவுக்கு ஒண்ணுகூட நிக்காது!" என்று ஆஸ்பத்திரி அதிரக் கத்தினார்.

அந்த மகள் இப்போது மூன்றாம் வகுப்பு. போன வாரம் கணக்குப் பரீட்சைத் தாளை நீட்டினாள். நூற்றுக்குப் பன்னிரண்டு. நான் வாயைத் திறப்பதற்குள் தாத்தாவின் மடியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"தாத்தா, கவுண்ட் கம்மின்னா பெருசுதானே?"

"பின்ன?" என்றார் அவர், என்னைப் பார்த்துக்கொண்டே. "உங்கப்பனப் போய் முந்நூறு வாங்கச் சொல்லு."