மோகனத்தில் ஒரு மத்திமம்

இந்தக் கல்விப் பருவம் முடிவதற்குள் மனைவி புஸ்பராணியைப் பாட வைத்தே தீருவது என்று கதிரவேல் தீர்மானம் எடுத்தார். தீர்மானம் எடுப்பதில் அவர் கெட்டிக்காரர். நிறைவேற்றுவது எப்போதும் மனைவியின் இலாகா. இந்தமுறை அதுதான் சிக்கல்.

கதிரவேல் பல்கலைக்கழக வளாகத்தில் கணினி விரிவுரையாளர். இந்த வருடம் அவர் தலையில் ஒரு புதுப் பாடம் விழுந்தது: இசையினூடாக நிரலாக்கம். கணினிப் பிள்ளைகள், நடனப் பிள்ளைகள், சங்கீதப் பிள்ளைகள் என்று நாற்பத்திரண்டு பேர் ஒரே வகுப்பில். ஸ்வரங்களை வரி வரியாக எழுதிக் கொடுத்தால் கணினி அதை வாசித்துக் காட்டும். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் கட்டளைக்கு ஆதி தாளம் உதாரணம். அருமையான பாடம். படிப்பிக்கிறவருக்குத்தான் சங்கீதம் வராது. கோயிலில் தேவாரம் படிக்கும்போதுகூட அவர் வாயை மட்டும் அசைக்கிற கட்சி.

வீட்டிலிருந்த சங்கீதம் முழுவதும் புஸ்பராணியிடம் இருந்தது. ஆசிரியர் தரம் வரை பரீட்சை எழுதித் தேறியவர். இப்போது கச்சேரியில் வேலை. பாட்டுக் கச்சேரி இல்லை. காணிப் பிரச்சினைக்குச் சனம் கோப்பும் கையுமாக அலைகிற அரசாங்கக் கச்சேரி.

கலியாணம் முடித்த புதிதில் அவர் குசினியில் பாடுவார். தேங்காய் துருவும்போது ஒன்று, மீன் வெட்டும்போது ஒன்று. ஓர்ஸ் ஹில் வீட்டு ஜன்னலால் வருகிற துறைமுகக் காற்று அந்தப் பாட்டை அறை அறையாகக் கொண்டுபோகும். ஒருநாள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த கதிரவேல், "புஸ்பம், கொஞ்சம் மெதுவா" என்றார். மூன்றே சொல். அடுத்த நாளிலிருந்து குசினியில் கிரைண்டர் மட்டும்தான் பாடியது.

அது அவருக்கு உறைக்கவே மூன்று மாதம் பிடித்தது. பிறகு கேட்டுப் பார்த்தார். தொண்டை சரியில்லை என்றார் புஸ்பராணி. தேன் வாங்கினார், கற்கண்டு வாங்கினார். ஒன்பது வருடமாகத் தொண்டை சரியில்லை. அந்தக் குரலுக்காக மனிதர் ஏங்கிப்போனார். எங்காவது ஒலிபெருக்கியில் ஒரு பெண் பாடினால் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் அப்படியே இருந்துவிடுவார். அதை மனைவியிடம் சொல்லவும் வெட்கம்.

புதுப் பாடம் அவருக்கு ஒரு வழி காட்டியது. சங்கீதம் தெரிந்தவர்களுக்குப் பிழையான பாட்டைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க ஏலாது. பிழையைக் கேட்டால் திருத்துவார்கள். திருத்துவதற்குப் பாடித்தானே ஆகவேண்டும்.

சனிக்கிழமை காலை கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்து மோகன ராகத்தை ஓடவிட்டார். அதில் இருக்கக்கூடாத மத்திம ஸ்வரத்தை நடுவில் செருகியிருந்தார். குசினியில் கத்தி நின்றது.

"மோகனத்தில ஏன் மத்திமம் நிக்குது?"

"நிக்கக்கூடாதோ?"

"அந்த ராகத்தில மத்திமமே இல்லை."

"எனக்கு விளங்கேல்ல, புஸ்பம். நீர் ஒருக்காப் பாடிக் காட்டினா விளங்கும்."

புஸ்பராணி எட்டிப் பார்த்தார். "இல்லாததை எப்பிடிப் பாடிக் காட்டுறது?"

கத்தி மறுபடி வெங்காயத்தில் இறங்கியது.

அடுத்த கிழமை தாளத்தைக் குழப்பினார். எட்டு விழவேண்டிய இடத்தில் ஏழு. ஒருமணி நேரம் அது நொண்டியது. புஸ்பராணி கையைத் துடைத்துக்கொண்டு வந்து கதிரையை இழுத்துப் போட்டார்.

"இதை எங்க எழுதியிருக்கிறீங்கள்? காட்டுங்கோ."

"உமக்கு விளங்காது. பாடினீரெண்டா நான் கேட்டுத் திருத்துறன்."

"இந்த வரி என்ன?"

"இத்தினை தரம் திரும்பச் செய் எண்டு அர்த்தம்."

"அப்ப இந்த ஏழு?"

"அது… கை தவறிட்டுது."

புஸ்பராணி ஏழை அழித்து எட்டு என்று அடித்தார். தாளம் நிமிர்ந்தது. "ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யிறதுக்கு ஒரு வரி காணுமோ? இதைச் சமையலுக்கு ஏன் ஒருத்தரும் கண்டுபிடிக்கேல்ல?" என்று கேட்டுவிட்டு எழும்பிப் போனார்.

கதிரவேல் விடுகிற ஆளா? நீளமான ஒரு பாட்டை எழுதி, ஒன்பது பிழைகளை ஒளித்து, கணினியைத் திறந்தபடி விட்டுவிட்டு ஒருநாள் வேலைக்குப் போனார். பின்னேரம் வந்து பார்த்தால் ஒன்பதும் திருத்தியிருந்தது. பத்தாவதாக இன்னொன்றும் திருத்தியிருந்தது. அது அவர் வேண்டுமென்று விட்ட பிழை இல்லை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு வரி விளக்கமும் ஒரு குறிப்பும்: 'இது ஏன் பிழை எண்டு யோசியுங்கோ.'

அந்தக் குறிப்புகளை அழிக்காமலே வகுப்பில் திரையில் போட்டுவிட்டார். முன் வாங்கில் இருந்த மாணவி லக்சாயினி கையை உயர்த்தினாள்.

"சேர், இதைத் திருத்தினது ஆர்?"

"என்ர மனுசி."

"அவவைக் கூப்பிடுங்கோ சேர். எங்களுக்கு விளங்கிற மாதிரி எழுதியிருக்கிறா."

கதிரவேலுக்குக் கொஞ்சம் சுட்டது. ஆனால் உடனேயே மனம் குளிர்ந்தது. புருசன் கேட்டால் மறுக்கலாம். நாற்பத்திரண்டு பிள்ளைகள் கேட்டால் எப்படி மறுப்பார்?

அடுத்த வகுப்புக்குப் புஸ்பராணி கச்சேரிக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தார். கதிரவேல் மடிப்புக் குலையாத சேட்டோடு முன் வரிசையில் இருந்தார். அவர் சொல்லிக்கொடுத்தபடியே லக்சாயினி கேட்டாள்.

"மிஸ், முதல்ல ஒரு பாட்டுப் பாடுங்கோ."

கதிரவேல் கதிரை நுனிக்கு நகர்ந்தார்.

"நான் பாடினா நீங்கள் பாட்டைத்தான் கேப்பியள்" என்றார் புஸ்பராணி. "பிழை பிடிக்கப் பழகவேணுமெண்டா பிழையாப் பாடுற ஒராள் வேணும். சேர், எழும்பி வாங்கோ."

வகுப்பு கைதட்டியது. வேறு வழியில்லை. அவர் மோகனத்தில் தொடங்கி, பெயர் வைக்காத ஏதோ ஒன்றில் முடித்தார். பிள்ளைகள் குனிந்து எழுதினார்கள். லக்சாயினிக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"மிஸ், பிழையான இடத்தையோ சரியான இடத்தையோ குறிக்கிறது? சரியானதைக் குறிச்சாக் கெதியா முடியும்."

வகுப்பு முடிந்து வெளியே வந்ததும் கதிரவேல் மோட்டார் சைக்கிளை எடுக்காமல் அதைப் பிடித்தபடி நின்றார்.

"புஸ்பம், நான் ஒரு பிழை விட்டுட்டன்."

"எத்தினையாம் வரியில?"

"விளையாடாதையும். மெதுவாப் பாடச் சொன்னனான் எல்லோ, அண்டைக்கு. அது பிழை. உம்மட குரலைக் கேக்காமல் எனக்கு வீடு வீடா இல்லை."

புஸ்பராணி ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு பின்னால் ஏறி இருந்தார்.

நிலாவெளி வீதியில் கடல் காற்று முகத்தில் அடித்தது. கதிரவேல் பக்கக் கண்ணாடியைத் தற்செயலாகப் பார்த்தார். புஸ்பராணி பாடிக்கொண்டிருந்தார். கண்ணை மூடி, தலையை லேசாக ஆட்டி, வாய் நிறையப் பாடிக்கொண்டிருந்தார். காற்றிலும் என்ஜின் இரைச்சலிலும் ஒரு சொல் கேட்கவில்லை.

வேகத்தைக் குறைத்தார். வாய் மூடிக்கொண்டது.

"ஏன் நிப்பாட்டினீர்?"

"நீங்கள் ஏன் நிப்பாட்டுறீங்கள்? ஓடுங்கோ."

ஓடினார். வாய் திறந்தது. அவர் வீட்டு ஒழுங்கையைத் தாண்டிப்போய் ஓர்ஸ் ஹில்லை மூன்றுதரம் சுற்றினார். கண் கலங்கியது. காற்று என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கடைசியில் வாசலில் இறங்கிக் கெஞ்சினார்.

"என்ன பாட்டெண்டாவது சொல்லுமன்."

"இன்னும் முடியேல்ல" என்றார் புஸ்பராணி, ஹெல்மெட்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்தபடி. "நாளையில இருந்து என்னைக் கச்சேரியில கொண்டுபோய் இறக்குங்கோ. மிச்சம் போகேக்க பாடுறன்."