கழுகா, காண்டாமிருகமா?

மச்சான் எந்த மெஷினை நல்ல மெஷின் என்கிறானோ, அதை நான் சாகிறவரை கையால் தொடமாட்டேன். காலையில் டீ டம்ளரை மேஜையில் ஓங்கி வைத்து இப்படி ஒரு சபதம் செய்தேன். பாதி டீ சட்டையில்.

"ஓங்கி வச்சதுல கொட்டுச்சா, கை ஆடினதுல கொட்டுச்சா?" என்றாள் மனைவி.

"கோவத்துல கொட்டுச்சு!"

"சரி, கோவத்தைக் கழட்டிப் போடுங்க. துவைக்கணும்."

எனக்குத் தொழில் மரம் வெட்டுவது. பள்ளிக்கூடம் என்னை நாலாம் வகுப்போடு வெட்டிவிட்டது. அன்று முதல் நான் மற்றதை எல்லாம் வெட்ட ஆரம்பித்தேன். கோடாரியில் தொடங்கி செயின்சா என்கிற மெஷின் ரம்பத்துக்கு வந்தேன். எவனும் தூக்கிவிடவில்லை. தூக்கிவிடுகிறேன் என்று வந்தவனெல்லாம் என் பையில் இருந்ததைத்தான் தூக்கினான். அதனால் பேரம் கற்றுக்கொண்டேன். ஊரில் எனக்குக் 'கறார்' என்று பெயர். என்னைக் கண்டால் கடைக்காரர்கள் கல்லாவைப் பூட்டிவிட்டுத்தான் வணக்கம் சொல்வார்கள்.

தொழிலிலும் கறார்தான். எந்த வீட்டு மரமானாலும் பிளேடு வைக்குமுன் வீட்டுக்காரரை நிற்கவைத்து ஒரு கேள்வி கேட்பேன். "இதுல ஆணி, கம்பி எதாவது அடிச்சிருக்கீங்களா?" மரம் ஆணியை விழுங்கிவிட்டு அதன்மேல் பட்டையை மூடிக்கொள்ளும். வெளியே ஒன்றும் தெரியாது. சுற்றுகிற செயின் அதில் மோதினால் அத்தனை பல்லும் போச்சு. கேட்காமல் வெட்டுகிறவன் தொழில்காரனே இல்லை.

என் பழைய மெஷின் போன வாரம் கண்ணை மூடியது. புதிதாக வாங்கவேண்டும். தொழில்காரன் வாங்கக்கூடியது இரண்டுதான். ஒன்று காண்டாமிருக மார்க். கனம், முரட்டு இன்ஜின், சத்தத்தில் அடுத்த தெரு எழுந்து உட்காரும். இன்னொன்று கழுகு மார்க். எடை குறைவு, கைப்பிடிக்கு அடியில் ஸ்பிரிங், அதிர்வு கைக்கு ஏறாது. ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகும்.

என்னோடு வேலைக்கு வருகிற மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, கழுகு என்றான். ஆகவே காண்டாமிருகம்.

"மாமா, கழுகுல கை நடுங்காது மாமா. நாள் பூரா புடிக்கலாம்."

"நான் மரம் வெட்ட மெஷின் வாங்கறேன்டா, குழந்தையைத் தூங்கவைக்கத் தொட்டில் வாங்கல!"

"காண்டாமிருகம் ரொம்பக் கனம் மாமா. இழுக்க முடியாது."

"ஏன் முடியாது?" அடுப்படியில் இருந்து மனைவியின் குரல் வந்தது. "நான் ஒண்ணை இத்தனை வருஷமா இழுத்துக்கிட்டுத்தானே இருக்கேன்?"

அக்காளும் தம்பியும் சிரித்தார்கள். எனக்கு உச்சந்தலை கொதித்தது. செருப்பை மாட்டிக்கொண்டு நேராகக் கடைவீதிக்குப் போனேன்.

காண்டாமிருகக் கடைக்காரரிடம், "கழுகுக்காரர் ஒரு நாள் வெட்டிப் பாக்கச் சும்மாவே மெஷின் குடுக்கறாரு. உங்களுக்கு உங்க மெஷின்மேல நம்பிக்கை இல்லையா?" என்றேன். கழுகுக் கடைக்காரரிடம் அதையே திருப்பிப் போட்டேன். இரண்டு பேருக்கும் மூக்குக்குமேல் கோபம். இரண்டு பேரும் மெஷினைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். "செயின் மட்டும் உங்களோடது" என்றார்கள். சரி என்று இரண்டுக்கும் புதுச் செயினாக நானே வாங்கி மாட்டினேன்.

வீட்டுக்கு வந்து நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். "ரெண்டு பேரையும் மோதவிட்டேன். நடுவுல நின்னு நான் காரியத்தை முடிச்சேன். இதுதான்டி வியாபாரம்!"

"அப்படியா! ரெண்டு பேரை மோதவிட்டா நம்ம வேலை முடிஞ்சிடுமா?" என்று கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள். கல்யாணமான நாளிலிருந்து என் பேச்சை அவள் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஒரு பட்டமரம். அடுப்படி ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்கும். காய்கிற துணிமேலெல்லாம் சுள்ளியாக உதிர்க்கும். வெட்டுங்க, வெட்டுங்க என்று அவள் கேட்காத நாளில்லை. கூலி இல்லாமல் கொப்பைக்கூட வெட்டமாட்டேன் என்பது என் கொள்கை. சொந்த வீட்டுக்காக அதைத் தளர்த்த முடியுமா?

அன்று அவள் என்னைக் கேட்கவே இல்லை. காய்கறி நறுக்கிக்கொண்டே காற்றோடு பேசுவதுபோலச் சொன்னாள்.

"பட்டமரம்னா கழுகு வெண்ணெய்ல இறங்குற மாதிரி இறங்கும்னு தம்பி சொல்றான்."

"யாரு சொன்னா? காண்டாமிருகம் பக்கத்துல அவன் கழுகு நிக்குமா?"

"டேய் தம்பி, உன் கழுகு நிக்காதாம்டா. மாமா சொல்றாரு."

"நிக்கும் மாமா."

"நிக்காதுடா!"

"வாயால வெட்டினா யாருக்குத் தெரியும்? மரத்துல வெட்டுங்க" என்றாள். "ஜெயிக்கிற மெஷினை வாங்குவோம். தோத்த மெஷின் இந்த வீட்டு வாசப்படி ஏறக்கூடாது. நான் பாத்து நியாயம் சொல்றேன்."

"ஏறாது! இது சத்தியம்!" என்று கத்தினேன். அவள் கேட்காமலேயே சத்தியம் செய்தவன் நான்.

காண்டாமிருகத்தை உறுமவிட்டு அடிமரத்தை அறுத்தேன். நான் சொன்ன திசையில் மரம் சாய்ந்தது. "பாத்தியா!" என்றேன்.

"விழுந்துச்சு, சரி. கிளை அப்படியே கெடக்குதே?"

மச்சான் கழுகை எடுத்துக் கிளைகளைச் சீவினான். வேகமாகத்தான் சீவினான். அதை நான் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்?

"ரெண்டும் சமம்" என்றாள் மனைவி.

"என்னடி சமம்? நான் மரத்தையே சாய்ச்சேன். அவன் முடி வெட்டிவிட்டான்!"

"கோவப்படாதீங்க. சின்னக் கிளையெல்லாம் அடுப்பு நீளத்துக்கு நறுக்குங்க, பாப்போம்."

நறுக்கினோம். சமம் என்றாள். அதைச் சுவரோரம் அடுக்கினால்தான் எண்ணிப் பார்க்க வசதி என்றாள். அடுக்கினோம். அதுவும் சமம். வேலிப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த வேரை அறுத்தோம். சமம். எனக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. தராசு பிடிக்கிறவனைக்கூட ஏமாற்றலாம், இவளை அசைக்க முடியவில்லை.

"கடைசியா அடிமரம். இதுல முடிவு சொல்லிடறேன்" என்று சாக்பீஸ் எடுத்துவந்தாள். கீழே கிடந்த மரத்தைக் கன்றுக்குட்டியைத் தடவுவதுபோல மெல்லத் தடவிக்கொண்டே போனாள். பாவம், பழகின மரம், மனசு கஷ்டப்படுகிறாள் என்று நினைத்தேன். ஓரிடத்தில் நின்று ஒரு கோடு, தள்ளி ஒரு கோடு.

"இது உங்களுக்கு. அது தம்பிக்கு. முதல்ல அறுத்து முடிக்கிறவங்க ஜெயிச்சாங்க."

சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

காண்டாமிருகம் கோட்டில் இறங்கியது. மச்சானைவிட ஒரு கைப்பிடி ஆழம் முந்திவிட்டேன். பல்லைக் காட்டிச் சிரித்தேன். அப்போது கேட்டது ஒரு 'கிரீச்'. பொறி பறந்தது. மெஷின் துள்ளி நின்றது. தூக்கிப் பார்த்தால், புதுச் செயினில் ஒரு பல்கூட உருப்படியில்லை. பக்கத்தில் கழுகு மரத்தை அறுத்து முடித்துவிட்டு அமைதியாக நின்றது.

"தம்பி ஜெயிச்சான்" என்றது ஜன்னல். மரம் போனபிறகு அந்த ஜன்னலில் அவள் முகம் பளிச்சென்று தெரிந்தது.

"ஆணிடி! உள்ள ஆணி! எவன்டா இதுல ஆணி அடிச்சவன்? அவன் மட்டும் என் கையில கிடைச்சான், அவனையே வச்சு அறுத்துடுவேன்!"

அவள் இரண்டு டம்ளர் டீயோடு வந்தாள். "அறுக்கலாம். முதல்ல இதைப் புடிங்க."

பிடித்தேன். டம்ளர் ஆடியது. மெஷினைக் கீழே வைத்து எவ்வளவோ நேரமாகியும் காண்டாமிருகம் என் கைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. துவைத்துப் போட்ட சட்டையில் மறுபடியும் டீ. மச்சான் டம்ளரைப் பார்த்தேன். ஒரு சொட்டு அசையவில்லை.

"தூங்கும்போதுகூட உங்க கை நிக்கறதில்லீங்க. போர்வையைப் புடிச்சு அறுக்கறீங்க" என்றாள். இதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை.

"அதுக்காக? ஆணி இருக்குன்னு தெரிஞ்சே அங்க கோடு போட்டியா?"

"ஊர்ல ஒவ்வொரு வீட்டுலயும் நிக்கவச்சுக் கேக்கறீங்களே. இந்த வீட்டுக்காரிகிட்ட கேட்டீங்களா?"

கேட்கவில்லைதான். ஆனாலும் கறார் அவ்வளவு சீக்கிரம் விடுவானா?

"மரமே மூடிக்கிட்ட ஆணி! எனக்கே தெரியல. அது இருக்கிற இடம் உனக்கு மட்டும் எப்படி ஞாபகம்?"

"துணிக்கொடி கட்ட நீங்க அடிச்ச ஆணிங்க அது. இந்த வீட்டுக்கு நீங்க செஞ்ச ஒரே வேலை, நான் எப்படி மறப்பேன்?"