கணக்கு சாரைத் தேடிய மறுகூட்டல்

சன்னிவேலில் நான் பார்த்த தமிழர்கள் எல்லோரும் எதையாவது வாங்கிக்கொண்டிருந்தார்கள். வீடு வாங்கினார்கள், வீட்டில் இடமில்லாத அளவுக்கு சோபா வாங்கினார்கள், தள்ளுபடியில் வந்தது என்று மூன்றாவது டிவி வாங்கினார்கள். மறுகூட்டல் ஒருவர்தான் இருபத்து மூன்று வருடங்களாகப் பத்து மார்க் வாங்கப் போராடிக்கொண்டிருந்தார். ஒரு தோல்வியை இவ்வளவு பத்திரமாக வைத்திருந்த மனிதர் கலிபோர்னியாவில் வேறு யாரும் கிடையாது என்று நான் எழுதியே கொடுப்பேன்.

இது இரண்டாயிரத்து ஆறில் நடந்தது. எங்கள் கம்பெனியில் நான் புரோகிராமர், அவர் டெஸ்டர். நான் எழுதுவதில் தப்புக் கண்டுபிடிப்பது அவர் வேலை. சம்பளம் கொடுக்காவிட்டாலும் அதைச் செய்திருப்பார். திருச்சிக்காரர், முப்பத்தெட்டு வயது, தனி ஆள். அப்பா அம்மா வைத்த பெயரைச் சொல்லித் தேடினால் எங்கள் ஆபீசில் ஆள் கிடைக்காது. தேர்வு முடிவு வந்ததும், மார்க்கைத் திரும்பக் கூட்டிப் பாருங்கள் என்று விண்ணப்பம் போடுவோமே, அந்த மறுகூட்டல்தான் அவர் பெயர்.

பெயர் வந்தது ஒரு பொங்கல் விழாவில். குழந்தைகள் மாறுவேடப் போட்டி முடிந்து பரிசும் கொடுத்தாகிவிட்டது. இவர் மேடைக்குப் போய், நடுவர்களின் மார்க் தாள்களை வாங்கி, நின்றபடியே கூட்டி, முதல் பரிசு வாங்கியிருந்த தக்காளிப் பழத்தை இரண்டாம் இடத்துக்கு இறக்கினார். தக்காளி அழுதது. தக்காளியின் அம்மா அதன் பிறகு அவரோடு பேசவே இல்லை.

டிரைவிங் டெஸ்டில் இன்னும் மோசம். பாஸ் என்று அதிகாரி சொன்ன பிறகும் தாளை வாங்கிக் கூட்டிப் பார்த்தார். கூட்டலில் ஒரு தப்பு இருந்தது. அதைச் சுட்டிக்காட்டினார். சரியாகக் கூட்டினால் அவர் ஃபெயில். மூன்று வாரம் பஸ்ஸில் ஆபீஸ் வந்தார்.

"ஏண்ணா, வாயை மூடிக்கிட்டு வந்திருக்கலாம்ல?" என்று கேட்டேன்.

"தப்பு தப்புதானேம்மா" என்றார்.

மற்றவர்கள் குழந்தை படமும் சாமி படமும் ஒட்டும் இடத்தில், அவர் லேமினேட் செய்த ஒரு விடைத்தாளின் முதல் பக்கத்தை மாட்டியிருந்தார். பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு, கணக்கு. சிவப்பு மையில் மூன்று பகுதிகளின் மார்க்: 34, 28, 27. மொத்தம் 79. நீங்களும் கூட்டிப் பாருங்கள். பத்தொன்பதில் ஒன்பதைக் கீழே போட்டுவிட்டு, கையில் இருந்த ஒன்றை சார் மறந்துவிட்டார்.

முதல் ரேங்க் இரண்டாம் ரேங்க் ஆனது. அது போனால் போகட்டும். பையன் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய், "அப்பா, சார் கூட்டினது தப்பு" என்று சொல்லிவிட்டான். அவன் அப்பா கருவூலத்தில் எழுத்தர். அடுத்தவர் கையெழுத்தைச் சந்தேகப்படுவதற்காகவே அரசாங்கம் அவரை வேலைக்கு வைத்திருந்தது. தாளை விளக்குப் பக்கம் தூக்கிப் பார்த்தார். சாரின் பேனா கசிந்து 28-இல் இருந்த 2 கொஞ்சம் தடித்திருந்தது. போதாதா?

"பதினெட்டை இருபத்தெட்டா ஆக்கிட்டு, சாருக்குக் கூட்டத் தெரியலேங்கறியாடா?"

உள்பக்கங்களைப் பிரித்துக் கூட்டியிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். அப்பா பிரிக்கவில்லை, பெல்ட்டை எடுத்தார். அடியாவது ஒரு நாளோடு போனது. பையன் திருடன் என்ற எண்ணம் போகவில்லை.

"சார்கிட்டயே போய்க் கேட்டிருக்கலாமேண்ணா."

"கணக்கு சார்கிட்ட போய், உங்களுக்குக் கூட்டல் தப்புன்னு எப்படிம்மா சொல்றது?"

எனக்கு இது விளங்கவே இல்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமை உண்டு, கேட்காதவர்களிடமும் சொல்வேன். என் ரேங்க் கார்டில் அம்மா கைநாட்டு வைப்பாள். மார்க்கை நானேதான் படித்துச் சொல்ல வேண்டும். ஒரு தடவை கணக்கில் நூற்றுக்கு நூற்றுப் பத்து என்று சொல்லிவிட்டேன். அம்மா தெரு முழுக்க அதைச் சொல்லிவிட்டு வந்தாள், தெருவும் நம்பியது. எங்கள் வீட்டில் என்னைச் சந்தேகப்படுகிற அளவுக்குப் படித்தவர்கள் யாரும் இல்லை. அது எவ்வளவு பெரிய வசதி என்று இவரைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

அந்த வருடம் அவருடைய அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி, திருச்சியில் டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. சனிக்கிழமை தோறும் மறுகூட்டல் போன் செய்வார். ஒரு தடவை ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். அப்பா மூச்சு வாங்கிக்கொண்டே பேசினார்.

"அக்கா பையன் ஃபர்ஸ்ட் ரேங்க்டா."

"சந்தோஷம்ப்பா."

"நெஜமாவே ஃபர்ஸ்ட் ரேங்க்."

போனை வைத்த பிறகு மறுகூட்டல் மாட்டியிருந்த விடைத்தாளைக் கைக்குட்டையால் துடைத்தார். பிறகு, "சார் ஒரு வரி எழுதிக் கொடுத்தாப் போதும்மா. அப்பா போறதுக்குள்ள" என்றார்.

பழைய நண்பர்களைத் தேடிப் பிடிக்கும் வலைத்தளம் ஒன்றில் அப்போது ஆபீஸே கிடந்தது. அவருக்கு ஒரு கணக்குத் திறந்து கொடுத்தேன். சாரின் பெயர் என்ன என்று கேட்டால் முழித்தார். ஐந்து வருடம் படித்திருக்கிறார், பெயர் தெரியாது. கணக்கு சார், அவ்வளவுதான். ரேங்க் கார்டில் டி.என்.ஆர். என்று கையெழுத்துப் போடுவார். அந்த மூன்று எழுத்தை வைத்துக்கொண்டு உலகத்தில் ஒரு மனிதரைத் தேட ஆரம்பித்தோம்.

அவரை நான் கேலி செய்ய முடியாது. என் சார்கள் பெயரும் எனக்குத் தெரியாது. என் பள்ளிக்கூடத்தின் பெயரைத் தட்டினால், இதையா தேடினீர்கள் என்று ஒரு சோப்புக் கம்பெனியைக் காட்டியது. அவர் பள்ளிக்காவது அந்தத் தளத்தில் ஒரு குழு இருந்தது. 'கணக்கு சார் டி.என்.ஆர். எங்கே?' என்று எழுதிப் போட்டோம். ஒரே ஒரு பதில் வந்தது: 'என்னையும் அடித்திருக்கிறார். கிடைத்தால் எனக்கும் சொல்லவும்.'

மூன்றாவது வாரம் தாம்பரத்தில் ஒரு டி.என்.ஆர். அகப்பட்டார். வெள்ளை மீசை, நெற்றியில் விபூதி. 'சார், நீங்கள் கணக்கு சொல்லிக்கொடுத்தவரா?' என்று மறுகூட்டல் கேட்டார். 'ஆமாம் தம்பி, நலமா, சாப்பிட்டாயா?' என்று பதில் வந்தது.

அன்றிலிருந்து ஆபீஸ் வகுப்பறை ஆனது. காலை ஒன்பது மணிக்கு சாட்டில் சார் வருவார். உடனே மறுகூட்டல் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். நின்றபடியே தட்டச்சு செய்வார். அவருக்கு முதுகுவலி என்று நினைத்து மானேஜர் உயரமான மேஜை ஒன்று வரவழைத்துக் கொடுத்தார்.

சார் சும்மா இருக்கவில்லை. தினமும் முப்பது மெயில். எலுமிச்சம்பழத்தின் பதினாறு பயன்கள், இடது பக்கம் படுப்பதன் நன்மை, இதை ஒன்பது பேருக்கு அனுப்பாவிட்டால் ஒன்பது நாளில் கெட்ட செய்தி வரும். சார் சொல்லிவிட்டாரே என்று இவர் அனுப்புவார். இவருக்குத் தெரிந்தது நாலு பேர். மீதி ஐந்தும் எனக்கே வரும்.

"மார்க் விஷயம் கேட்டீங்களாண்ணா?"

"நாளைக்குக் கேக்கறேன்மா."

"ரெண்டு மாசமா அந்த நாளைக்கு வரவே இல்லையே."

"சார் மனசு கஷ்டப்படும். வயசானவர்."

இதற்குள் அப்பாவைத் தீவிர சிகிச்சையில் சேர்த்துவிட்டார்கள். அக்கா அழுதுகொண்டே போன் செய்தாள். மறுகூட்டல் பேசிவிட்டு முகம் கழுவப் போனார். அந்த ஐந்து நிமிடத்தில் நான் அவர் இடத்தில் உட்கார்ந்து, தாளை ஸ்கேன் செய்து, 'சார், கூட்டிப் பார்த்துத் திருத்தித் தர முடியுமா?' என்று அவர் பெயரில் அனுப்பிவிட்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. ஒரு காரியத்தை ஒத்திப்போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும்.

மறுநாள் காலை தாள் திரும்பி வந்தது. 79-ஐ அடித்து, சிவப்பு மையில் 89. பக்கத்தில், 'கூட்டலில் பிழை. வருந்துகிறேன். டி.என்.ஆர்.'

மறுகூட்டல் அதை நாலு தடவை கூட்டினார். பிறகு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். முப்பத்தெட்டு வயது ஆண் ஆபீசில் அழுவதை நான் முதல்முறையாகப் பார்த்தேன். மானேஜர் எட்டிப் பார்த்தார். நல்ல செய்தி என்று சொல்லி அனுப்பினேன்.

அக்கா அதைப் பிரிண்ட் எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். நடந்ததை மறுநாள் போனில் சொன்னாள். அப்பா கண்ணாடி கேட்டிருக்கிறார். தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கச் சொல்லியிருக்கிறார். அஞ்சு வருஷம் மாதா மாதம் அந்தக் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டவர் அவர்.

"இது டி.என்.ஆர். கையெழுத்து இல்லையே" என்றாராம். பிறகு, "இன்னமும் இந்தப் பழக்கம் போகலையா அவனுக்கு?"

தாம்பரத்துக்கு நானே போன் போட்டேன்.

"சார், நீங்க திருச்சியில வேலை பார்த்தீங்களா?"

"திருச்சியா? மலைக்கோட்டை பார்க்க ஒரு தடவை போயிருக்கேம்மா."

"அப்போ கணக்கு சொல்லிக்கொடுத்தேன்னீங்களே?"

"பக்கத்து வீட்டுப் பசங்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். நான் மின்வாரியத்துல இருந்தவன். அந்தத் தம்பி அவ்வளவு ஆசையா சார் சார்னான். எனக்கு யாரும்மா மெயில் போடறா? இல்லேன்னு சொல்ல மனசு வரலை."

"மார்க்கைத் திருத்தினீங்களே."

"கூட்டினேன். எண்பத்தொம்பதுதான் வருது. அதுல என்ன தப்பு?"

அவர் சொன்னதில் கணக்குப்படி தப்பு எதுவும் இல்லை. மறுகூட்டலிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அனுப்பியது நான்தான் என்பதையும் சேர்த்து. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "ஒருத்தராவது கூட்டிப் பார்த்தாரே" என்றார். அதற்குத் திட்டியிருக்கலாம்.

பள்ளிக் குழுவில் மறுபடி எழுதினேன், இந்த முறை கெஞ்சி. நியூஜெர்சியிலிருந்து ஒரு பெண் தன் போன் நம்பரை அனுப்பினாள். உண்மையான டி.என்.ஆரின் மகள். அப்பா காலமாகி ஒன்பது வருடம் ஆயிற்று என்றாள். நான் விஷயத்தைச் சொன்னதும் சிரித்தாள்.

"ஐயோ, அப்பா பேப்பர் திருத்துவார், டோட்டல் போட மாட்டார். கண்ணு வலிக்கும்பார். நான்தான் மடியில பேப்பர் கட்டை வெச்சுக்கிட்டுக் கூட்டிச் சொல்வேன், அவர் எழுதுவார். அப்போ நான் நாலாவது. அடிக்கடி கையில இருக்கறதை விட்டுடுவேன்."

வாத்தியார் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் அது வீட்டு வேலைதான். எங்களுக்கு ஏன் அது தோன்றவே இல்லை என்று இன்றைக்கும் புரியவில்லை.

"ஏங்க, அதனால உங்க ஃப்ரெண்டுக்கு ஒண்ணும் ப்ராப்ளம் ஆகலையே?" என்று கேட்டாள்.

கேட்டுச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். திருச்சியில் இருக்கும் அப்பாவிடம் இவளையே பேச வைத்துவிடலாம், ஸ்பீக்கரில் போட்டால் போதும் என்று மறுகூட்டல் வீட்டுக்கு ஓடினேன். அவர் பெட்டியில் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அரை மணிக்கு முன்னால் அக்கா போன் செய்திருந்தாள். எல்லாம் முடிந்துவிட்டது.

விமான நிலையத்துக்கு நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன். 101 ஃப்ரீவேயில் வண்டிகள் நின்று நின்று போயின. சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து, சான் மடேயோ தாண்டியதும் சொல்லிவிட்டேன். நாலாம் வகுப்புப் பெண், மடியில் விடைத்தாள் கட்டு, மறந்துபோன ஒன்று.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எங்களுக்கு முன்னால் போன லாரி இரண்டு தடவை நின்று கிளம்பியது.

"நாலாவதா?"

"ஆமாண்ணா."

"பாவம். அந்த வயசுல எத்தனை கட்டு கூட்டியிருக்கும்." பிறகு, "ப்ராப்ளம் ஆச்சான்னு கேட்டாளா?"

"கேட்டாங்க."

"ஒண்ணும் ஆகலைன்னு சொல்லிடும்மா. எனக்குத்தான் ஃபர்ஸ்ட் ரேங்க்னு சொல்லிடு."

அவர் வாழ்க்கையில் சொல்லச் சொன்ன ஒரே பொய் அதுதான் என்று நினைக்கிறேன். அன்று மாலையே நியூஜெர்சிக்குப் போன் செய்து அப்படியே சொன்னேன். அவள் சந்தோஷப்பட்டாள். மறுகூட்டல் திரும்பி வரவில்லை. அம்மாவோடு திருச்சியிலேயே இருந்துவிட்டார்.

டி.என்.ஆர். என்று நான் எழுதியிருப்பது சாரின் உண்மையான எழுத்துகள் இல்லை. நியூஜெர்சியில் கணக்கு வாத்தியார் மகள் யாராவது இதைப் படித்துவிட்டுத் திடுக்கிட்டால், தயவுசெய்து கவலைப்படாதீர்கள். அது நீங்கள் இல்லை. மறுகூட்டல் இரண்டு தடவை சரிபார்த்துவிட்டார்.