மூன்றாம் வகுப்பு 'பி'யின் அமைதி

டஸ்டரை ஓங்கிய கையை லவினா பாதியில் நிறுத்தினாள். மேசையில் தட்ட அவசியமே இருக்கவில்லை. மூன்றாம் வகுப்பு 'பி' ஏற்கெனவே அமைதியாக இருந்தது.

இத்தனை வருஷ டீச்சர் உத்தியோகத்தில் அப்படியோர் அமைதியை அவள் கேட்டதில்லை. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை 'டிக்' என்று சொல்லும் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. ஹென்னூர் மெயின் ரோட்டில் ஆட்டோக்காரர் ஒருவர் கன்னடத்தில் யாரையோ திட்டுவது வார்த்தை வார்த்தையாகக் காதில் விழுந்தது. புனித வெள்ளியன்று மூன்று மணிக்குக் கோயிலில் நிற்பது போல அவளுக்குப் புல்லரித்தது.

"குட் மார்னிங், மிஸ்."

எப்போதும் போல இழுத்துக் கத்தவில்லை. காதோடு ரகசியம் சொல்வது போலச் சொன்னார்கள்.

போன வாரம் வரை இது வகுப்பே அல்ல, சிவாஜி நகர் பஸ் ஸ்டாண்டு. அலெக்சாண்டர் ஜன்னல் கம்பியில் ஏறி உட்கார்ந்துதான் பாடம் கேட்பான். சங்கமித்ரா ஒரு கேள்விக்குப் பதில் வருவதற்குள் அடுத்ததைக் கேட்டுவிடுவாள். டேரில் ஒரு வரி படித்து முடிப்பதற்குள் ரப்பர், காக்கா, பக்கத்துப் பையனின் டிபன் பாக்ஸ் என்று ஊரைச் சுற்றிவிட்டு வருவான். பெற்றோர் கூட்டத்தில் லவினாவுக்குப் பொறுமை போய்விட்டது. வகுப்பில் பாதிப் பேருடைய அம்மாக்களிடம் ஒரே வசனத்தைச் சொன்னாள்.

"ஏடிஹெச்டியா, அதாவது கவனம் ஒரு எடத்துல நிக்காத கோளாறா இருக்கலாம்மா. கம்மனஹள்ளியில ஒரு டாக்டர் இருக்காரு, காட்டுங்க. இப்பல்லாம் நல்ல மாத்திரை வந்திருக்கு."

எல்லோரும் காட்டியிருக்கிறார்கள் போலிருக்கிறது. மாத்திரை இவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்று அவளுக்குத் தெரியாது. மற்ற பாதிப் பேரும் கேள்விப்பட்டு ஓடியிருக்க வேண்டும். வகுப்பு மொத்தமும் கை கட்டி உட்கார்ந்திருந்தது.

இடைவேளை மணிக்கு முன் தலைமையாசிரியை கேத்தரின் மேடம் வராந்தாவில் வந்து நின்றார். உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு கதவுக்கு மேலே இருந்த பலகையைப் பார்த்தார்.

"இது 'பி' தானே?"

"ஆமா மேம்."

"என்ன மாயம் பண்ணீங்க லவினா?"

லவினா டாக்டரைப் பற்றிச் சொன்னாள். கேத்தரின் மேடம் சிலுவை போட்டுக்கொண்டார்.

"சனிக்கிழமை எல்லா பேரண்ட்ஸையும் ஹாலுக்கு வரச்சொல்றேன். எல்.கே.ஜி.லேர்ந்து எல்லாருக்கும் அந்த டாக்டர்தான்!"

அன்று மாலை லிங்கராஜபுரம் வீட்டில் தேங்காய் துருவியபடியே லவினா இதைப் பெருமையாகத் தன் கணவன் லாயிடிடம் சொன்னாள். லாயிட் டிவியின் சத்தத்தைக் குறைத்தான்.

"எல்லாப் பிள்ளைங்களுமா மாத்திரை சாப்பிடுதுங்க?"

"அப்படித்தான் நெனைக்கிறேன்."

"சிரிக்குதுங்களா?"

லவினாவின் கை துருவியில் நின்றது. யோசித்துப் பார்த்தாள். அன்று முழுக்க ஒரு குழந்தைகூடச் சிரிக்கவில்லை.

"லவி, எட்டு வயசுப் பிள்ளைங்கள எல்லாம் மொத்தமா மயக்கத்துல உட்கார வச்சிட்டியா?" என்றான் லாயிட்.

அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் முதல் பீரியடிலேயே புத்தகத்தை மூடச் சொன்னாள். "இன்னிக்குப் பாடம் கிடையாது. கிரவுண்டுக்குப் போய் நல்லா கத்தி விளையாடுங்க!"

குழந்தைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எழுந்தார்கள். வரிசையாகப் போய் மரத்தடியில் நின்றார்கள். ஒருவன் பந்தை உருட்டினான். இன்னொருவன் அதைச் சத்தம் வராமல் காலால் நிறுத்தினான். அவ்வளவுதான் கால்பந்து.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த பள்ளி ஆயாம்மா, "ஏனு மிஸ் இது? பசங்களுக்கு யாராவது செய்வினை வச்சுட்டாங்களா?" என்று கன்னடம் கலந்து கேட்டாள்.

 வகுப்புக்குத் திரும்பியதும் லவினா அலெக்சாண்டரைக் கூப்பிட்டாள்.

"அலெக்ஸ் கண்ணா, அந்த ஜன்னல் கம்பியில ஏறேன்."

"வேணாம் மிஸ்."

"மிஸ் திட்ட மாட்டேன்டா. ஒரே ஒரு தடவ ஏறு."

அலெக்சாண்டர் கவலையோடு அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு நாற்காலியை இழுத்து அவளுக்குப் பின்னால் போட்டான்.

"நீங்க உட்காருங்க மிஸ்," என்றான் மிக மெதுவாக.

புதன்கிழமை அவள் துணிந்துவிட்டாள். கதவைச் சாத்திவிட்டுக் கிறிஸ்துமஸ் நாடகத்துக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு பாட்டை உரக்கப் பாடினாள். யாரும் கூடச் சேரவில்லை. பாடிக்கொண்டே குதித்தாள். கைகளை விரித்துக் கோழி மாதிரி மேசையைச் சுற்றி வந்தாள். கொண்டை அவிழ்ந்து தோளில் விழுந்தது. முதல் பெஞ்சில் ஒரு பெண்ணின் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. சங்கமித்ரா சத்தமில்லாமல் எழுந்து வந்து தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள்.

"கொஞ்சம் குடிங்க மிஸ்."

சங்கமித்ரா கேள்வி கேட்டு மூன்று நாளாகிறது என்பது லவினாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் கேள்விகளுக்காக அவள் எத்தனை தடவை எரிச்சல்பட்டிருக்கிறாள்! இப்போது ஒன்றே ஒன்று வராதா என்றிருந்தது.

மறுநாள் இன்னும் மோசம். குழந்தைகள் பென்சில் பாக்ஸைத் திறக்கும்போதுகூடச் சத்தம் கேட்கவில்லை. யாருக்காவது தும்மல் வந்தால் சட்டைக் காலருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள்.

அன்று மாலை அவள் அம்மாக்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்தாள். முதலில் அலெக்சாண்டரின் அம்மா சோஃபியா.

"மாத்திரையா? டாக்டர் ஒண்ணும் எழுதல மிஸ். அவனுக்குத் தூக்கம் பத்தல, போனைப் புடுங்கி வைங்க, சாயங்காலம் வெளியில ஓட விடுங்கன்னாரு. அவ்வளவுதான்."

சங்கமித்ராவின் அம்மா சிரித்தாள். "இவளுக்கு ஒரு பிரச்சினையும் இல்லைன்னுட்டாரு மிஸ். கேள்விக்குப் பதில் சொல்றதுக்கு எனக்குத்தான் பொறுமை வேணுமாம்."

அடுத்தடுத்த வீடுகளிலும் இதே கதைதான். மாத்திரை இல்லை. இல்லை. இல்லவே இல்லை.

கடைசியாக டேரிலின் அம்மா ஆஞ்சலா.

"சாப்பிடறான் மிஸ்," என்றாள்.  "ஆனா நீங்க சொன்னதுக்கு அப்புறம் இல்ல. ஆறு மாசமாவே அந்த டாக்டர் கிட்டதான் காட்டிட்டிருக்கோம். டெஸ்ட் எல்லாம் பண்ணி, எங்ககிட்ட நல்லாப் பேசி, போன மாசம்தான் கொஞ்சமா ஆரம்பிச்சாரு, இந்த வாரம்தான் பலன் தெரியுது. சொல்லலாமா வேணாமான்னு பயமா இருந்துச்சு மிஸ். சின்னப் பிள்ளைக்கு மாத்திரை குடுக்கறியேன்னு சொந்தக்காரங்களே ஏசறாங்க."

"அவனுக்கு எப்படிம்மா இருக்கு?"

ஆஞ்சலா குரலைத் தாழ்த்தினாள்.

"முன்னாடி எல்லாச் சத்தமும் ஒண்ணாக் கேக்குமாம் மிஸ். இப்ப ஒண்ணு ஒண்ணாக் கேக்குதாம். நேத்து ஒரு பக்கம் முழுசாப் படிச்சிட்டு, 'அம்மா, கதைக்கு முடிவுன்னு ஒண்ணு இருக்கு!'ன்னு ஓடி வந்தான்."

லவினா போனை வைத்தாள். ஒரு பையனுக்கு உலகம் ஒண்ணு ஒண்ணாகக் கேட்கத் தொடங்கியிருக்கிறது. அவளுக்கு ஜெபம் செய்யத் தோன்றியது. அவனுக்கு மாத்திரை வேண்டியிருந்தது. மற்றவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க டாக்டருக்கு மாதக்கணக்கில் பிடித்திருக்கிறது. அவளோ பெற்றோர் கூட்டத்தில் டீ ஆறுவதற்குள் முடிவு செய்துவிட்டாள்.

"சரி, மாத்திரை இல்லைன்னா பசங்க எதுக்கு அப்படி இருக்காங்க?" என்றான் லாயிட்.

அதுதான் அவளுக்கும் விளங்கவில்லை. இப்போது பயம் இரண்டு பங்கானது.

சனிக்கிழமை ஹால் நிரம்பி வழிந்தது. மூன்றாம் வகுப்பு 'பி'யை முதல் இரண்டு வரிசையில் கண்காட்சி மாதிரி உட்கார வைத்திருந்தார்கள். பின்னால் ஹாலே இரைந்துகொண்டிருக்க, அந்த இரண்டு வரிசை மட்டும் மெழுகுவர்த்தி போல அசையாமல் இருந்தது. மற்ற வகுப்புப் பெற்றோர் எழுந்து எழுந்து பார்த்தார்கள். ஓர் அப்பா போட்டோ எடுத்தார்.

"இந்த அதிசயத்துக்குக் காரணமான டாக்டர் பேரை இப்ப சொல்லப்போறேன். எல்லாரும் குறிச்சுக்குங்க," என்றார் கேத்தரின் மேடம் மைக்கில். ஹாலில் பேனாக்கள் திறந்தன.

லவினா ஓடிப்போய் மைக்கைப் பிடித்தாள்.

"யாரும் குறிச்சுக்காதீங்க! இந்தப் பிள்ளைங்க மாத்திரையால அமைதியாகல. நான் வீடு வீடா விசாரிச்சுட்டேன். டாக்டர் பாக்கணும்னு தோணுச்சுன்னா போய்ப் பாருங்க, மருந்து வேணுமா வேணாமான்னு அவர் சொல்லுவாரு. டீச்சர் சொல்லக் கூடாது. நான் சொன்னேன், அது தப்பு."

கேத்தரின் மேடத்தின் முகம் சுருங்கியது.

"மாத்திரை இல்லையா? பின்ன இவங்க எப்படி இப்படி இருக்காங்க?"

"எனக்குத் தெரியாது மேம். நான் ஆடியும் பாடியும் பார்த்துட்டேன். ஒண்ணும் நடக்கல." லவினா மைக்கை விட்டு இறங்கி வந்தாள். முதல் வரிசைக்கு முன்னால் மண்டியிட்டாள். "என்னடா ஆச்சு உங்களுக்கெல்லாம்? யாராவது மிஸ்ஸுக்குச் சொல்லுங்களேன்."

முதல் வரிசை முழுக்க அவளை இரக்கத்தோடு பார்த்தது. பிறகு சங்கமித்ரா எழுந்தாள். லவினாவின் தலையை ஒரு தடவை தடவிக்கொடுத்தாள். மைக் அருகே போய், கால் விரல்களை ஊன்றி எம்பி, அதில் கேத்தரின் மேடத்திடம் கிசுகிசுத்தாள்:

"'உங்களுக்கெல்லாம் ஒண்ணுமில்ல, உங்க மிஸ்ஸுக்குத்தான் முடியல, நீங்க சத்தம் போடாம இருந்தாலே அவங்களுக்கு மருந்து'ன்னு டாக்டர் அங்கிள் எங்க காதுல சொன்னாரு மேம்; ஆனா குணமாகவே மாட்டேங்குது, அதான் தினமும் டோஸை ஏத்திட்டே போறோம்."